பட்டியலை எழுதுபவர் யார்?

எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தலை நடத்தும் பொறுப்பு சில வருடங்களாக என் தலையில்தான் விழுந்து வருகிறது. பிஸ்கட் பெட்டியொன்றில் துளையிட்டு வாக்குப்பெட்டி செய்வோம். கரும்பலகையை மறைப்பாக வைத்து வாக்களிக்கும் அறை அமைப்போம். பிள்ளைகள் இடது கைச் சின்ன விரலில் மை பூசிக்கொண்டு, லயத்துக்குப் போய்த் தாய் தகப்பனிடம் காட்டுவார்கள். அந்த ஒருநாள் பாடசாலையே திருவிழாக் கோலம் கொள்ளும்.

அப்படியொரு தேர்தல் முடிந்த மறுநாள் ஒன்பதாம் ஆண்டு மாணவியொருத்தி என் மேசைக்கு வந்து நின்றாள். கொழுந்தெடுக்கும் தாயின் மகள். கேள்வி கேட்பதில் கூச்சமில்லாதவள்.

"சேர், இந்த ஏழு பேருல ஒருத்தருக்குப் புள்ளடி போடச் சொன்னீங்க. இந்த ஏழு பேரையும் யாரு சேர் தெரிவு செஞ்சது?"

"வேட்புமனு கொடுத்தவங்கதான்மா."

"நானும் குடுத்தேனே சேர்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் கொடுத்திருந்தாள் என்பது உண்மை. வரவு போதாது என்ற காரணத்தைக் காட்டி அவளுடைய தாளை ஒதுக்கியவன் நான். அந்தத் தவணையில் தாய் சுகமில்லாமல் கிடக்க, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற நாட்கள் அவை என்பதும் எனக்குத் தெரியும். வரவு ஒரு சாட்டு. வாய் துடுக்கான பிள்ளை சபையில் இருந்தால் தொல்லை என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. வாக்களிப்பு மிக நேர்மையாக நடந்தது. பெட்டி உடைபடவில்லை, எண்ணிக்கை பிசகவில்லை. ஆனால் தேர்தல் அதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே, என் மேசையில், ஒரு சிவப்புப் பேனையால் பாதி முடிந்துபோயிருந்தது.

அந்தப் பிள்ளையின் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் பெரியவர்களின் உலகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விரும்புகிறேன். நாம் தெரிவு செய்கிறோம் என்கிறோம். நமக்கு முன் தெரிவுக்காக வைக்கப்படுபவர்களைத் தெரிவு செய்பவர் யார்? அந்த முதல் தெரிவுக்கு நியாயம் உண்டா? அதற்கு யார் பொறுப்பு?

நமது நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட வேண்டுமானால் இரண்டே வழிகள்தான் உள்ளன. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சியொன்று முன்மொழிய வேண்டும். அல்லது, போட்டியிடுபவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், முன்னர் இருந்திருக்கவாவது வேண்டும். இரண்டுமில்லாத ஒருவர் எவ்வளவு தகுதியும் நற்பெயரும் உடையவராக இருந்தாலும் அந்த வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே கட்சி என்பதுதான் வாசற்காவலன். அந்தக் காவலன் நம்மிடம் ஒருநாளும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

கடந்த காலத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982இல் நடந்தது. ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு எதிரே நிற்கக்கூடிய பிரதான தலைவியான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை 1980இலேயே பறிக்கப்பட்டுவிட்டது. சுதந்திரக் கட்சியின் சார்பில் ஹெக்டர் கொப்பேகடுவ நிற்க வேண்டியதாயிற்று. மக்கள் வாக்களிக்கும் முன்பே, யாருக்கு வாக்களிக்க முடியாது என்பதை ஆளும் தரப்பு தீர்மானித்துவிட்டிருந்தது. 1994 ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். நுவரெலியா மக்களுக்கு நன்கு பழக்கமான தலைவர் அவர். அவருடைய இடத்தில் அவருடைய மனைவி ஸ்ரீமா திசாநாயக்க நிறுத்தப்பட்டார். அந்த அம்மையாரின் துயரத்துக்கு நாம் மரியாதை செய்வோம். ஆனால் அவ்வளவு பெரிய கட்சியொன்று, நாட்டை ஆளும் தகுதியை ஒரு வீட்டின் துயரத்தில் போய்த் தேடியதே என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

2014 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுநாள், ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்த மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வெளிப்பட்டார். அதற்கு முந்திய நாள் வரை பெரும்பாலான வாக்காளருக்கு அது தெரியாது. இரகசியமாகப் பேசி முடிக்கப்பட்ட அந்த முடிவை 2015 ஜனவரியில் நாம் ஆதரித்தோம். மலையகமும் பெருமளவில் ஆதரித்தது. முடிவு நமக்குப் பிடித்திருந்ததால் முறையைப் பற்றி நாம் பேசவில்லை. 2019 ஓகஸ்டில் பொதுஜன பெரமுனவின் மாநாட்டில் மகிந்த ராஜபக்ஷ தமது தம்பி கோட்டாபயவின் பெயரை அறிவித்தார். மறுபக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சி ரணிலா சஜித்தா என்று மாதக்கணக்கில் இழுபட்டு, செப்டெம்பர் 26ஆந் திகதி செயற்குழுவில் சஜித் பிரேமதாசவை ஏற்றுக்கொண்டது. வேட்புமனுத் தாக்கலுக்கு அப்போது பதினொரு நாட்களே எஞ்சியிருந்தன. ஒரு பக்கம் அண்ணன் தம்பி விவகாரம், மறுபக்கம் ஒரு மண்டபத்துக்குள் முடிந்த சமரசம். வாக்காளருக்கு இரண்டிலும் இடமில்லை.

அந்தத் தேர்தலில் 35 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு முழ நீளத்துக்கும் மேல் இருந்தது. 2024 செப்டெம்பர் தேர்தலுக்கு 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. பெயர்கள் கூடினால் தெரிவும் கூடும் என்று நினைப்பது பிழை. சந்தைக்குப் போனால் நாற்பது கடை இருக்கிறது, முப்பத்தைந்தில் சாமான் இல்லை என்பது போலத்தான். உண்மையில் வெல்லக்கூடிய மூன்று நான்கு பெயர்களை யாரோ எங்கோ கூடித் தீர்மானிக்கிறார்கள். மீதிப் பெயர்கள் சீட்டை நீளமாக்குகின்றன.

மலையகத்தவருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூர்மையாகக் குத்த வேண்டும். ஏனென்றால் வாக்கு என்பது இங்கே இழந்து பெற்ற பொருள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்ட மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போய்விட்டன. மீண்டும் மலையகத்தின் குரலாகத் தொண்டமான் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராக வென்றது 1977இல்தான். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற வாக்கை, வேறொருவர் எழுதித் தந்த பெயர்களுக்குள் மட்டும் பயன்படுத்துகிறோம் என்பது சின்ன விஷயமா?

நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் பதினொரு பெயர்களைக் கொடுக்க வேண்டும். அந்தப் பதினொன்றில் யார் என்பதைத் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் எவரும் கேட்பதில்லை. தொழிற்சங்கத் தலைமையகத்தில் ஒரு பட்டியல் தயாராகும். அதில் சிலவேளை எந்தப் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது என்பதே கடைசி நாள் வரை பேரம் பேசப்படும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2015இல் வெற்றிலைச் சின்னத்திலும், 2020இல் மொட்டிலும், 2024இல் நுவரெலியாவில் யானையிலும் நின்றது. சேவலுக்குப் பழகிய கிழவிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் புதிய சின்னம் படிப்பிக்க வேண்டியிருக்கிறது.

2020 மே மாதம் ஆறுமுகன் தொண்டமான் திடீரெனக் காலமானார். அவருடைய இடத்துக்கு மகன் ஜீவன் வேட்பாளரானார். ஒரு இலட்சத்துக்கும் அதிகமான விருப்புவாக்குகள் அவருக்குக் கிடைத்தன. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. மக்கள் மனமுவந்து போட்ட வாக்கை ஏமாற்று என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வெற்றிடத்துக்கு வேறு யாருடைய பெயராவது யோசிக்கப்பட்டதா? நாற்பது வருடம் சங்கக் காரியாலயத்தில் தேய்ந்த ஒரு மாவட்டப் பிரதிநிதியின் பெயர்? தோட்டக் கமிட்டியில் பெண்களைத் திரட்டிய ஒரு கொழுந்துக்காரியின் பெயர்? மாதாமாதம் சம்பளத்திலிருந்து சந்தாக் கழித்துக் கொடுக்கிறவள் அவள்தானே. சங்கத்துக்குச் சந்தா கொடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில், சங்கத்தின் வேட்பாளரைச் சொல்லும் உரிமையும் இருக்க வேண்டாமா?

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடைசி வாசலில் மலையக மக்கள் யாருக்கும் அடிமைகளாக நடந்துகொள்ளவில்லை. காங்கிரஸ் 2015இல் மகிந்தவையும், 2019இல் கோட்டாபயவையும், 2024இல் ரணிலையும் ஆதரிக்கச் சொன்னது. மூன்று தடவையும் நுவரெலியா மாவட்டத்தில் வேறொருவரே முன்னணியில் வந்தார். அவரை ஆதரித்து வேறு சங்கங்களும் முன்னணிகளும் பிரசாரம் செய்தன என்பதும் உண்மை. எப்படியாயினும் கொடுக்கப்பட்டவற்றுள் தெரியும் அறிவு மக்களுக்கு நிறையவே இருக்கிறது. இல்லாதது கொடுப்பதில் பங்கு.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி நுவரெலியாவில் எட்டில் ஐந்து ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவிலும் பதுளையிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். தோட்டத்து வேலையில் பாதிக்கு மேல் சுமப்பவர்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தி சபைக்குப் போக இத்தனை காலம் எடுத்தது வாக்காளரின் குற்றமா, பட்டியல் எழுதியவர்களின் குற்றமா? பெயர் வைத்ததும் வாக்குக் கிடைத்ததே! ஆயினும் இங்கேயும் பெயர் வைத்தது கட்சியின் மேல்பீடந்தான். நல்ல காவலன் வந்திருக்கலாம். வாசலின் திறப்பு இன்னும் காவலனிடமே இருக்கிறது.

அப்படியானால் திறப்பை மக்களிடமே கொடுத்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி கட்சிக்குள் நடந்த ஆரம்பத் தேர்தல்களில் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். தெருக்களில் கலவரம் வெடித்தது. அதன் பிறகு முறையை மாற்றினார்கள். 1972 முதல், வேட்பாளரைக் கட்சியின் சாதாரண வாக்காளரே மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தெரிகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் புலம்பல் ஓயவில்லை. முதலில் வாக்களிக்கும் சிறு மாநிலங்களின் விருப்பமே மற்ற மாநிலங்களின் தெரிவைக் குறுக்கிவிடுகிறது. பணம் சேர்க்க முடியாதவர் முதல் மாதத்திலேயே விலகிவிடுகிறார். 2024இல் ஜோ பைடன் ஆரம்பத் தேர்தல்களை வென்றபின் ஜூலையில் விலகிக்கொள்ள, கமலா ஹாரிஸ் அத்தகைய வாக்கெடுப்பு எதுவுமின்றிக் கட்சிப் பிரதிநிதிகளால் வேட்பாளரானார். இத்தனை வாசல்களைத் திறந்து வைத்த வீட்டிலும் இறுதியில் பின்கதவால் காரியம் நடந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மிடமும் ஒருவகை ஆரம்பத் தேர்தல் இருக்கிறது. அதுதான் விருப்புவாக்கு. 1988ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம், கட்சிப் பட்டியலில் யார் மேலே வரவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வாக்காளருக்குத் தரப்பட்டது. மூன்று பெயர்களைத் தெரியலாம். நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? எதிர்க்கட்சிக்காரனைவிடச் சொந்தக் கட்சிக்காரனையே வேட்பாளர் பகைவனாகப் பார்க்கலானார். ஒரே சின்னத்துச் சுவரொட்டியை ஒரே சின்னத்துக்காரர் கிழித்தார்கள். மாவட்டம் முழுக்க ஓடித்திரிய வசதியுள்ளவர், ஏற்கனவே பெயர் அடிபட்டவர், அவர்களே மேலே வந்தார்கள். ஆகவே கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று சொல்வதற்கில்லை. திறந்த கதவால் முதலில் நுழைபவர் பெரும்பாலும் வாகனத்தில் வந்தவர்.

இந்த இடத்தில்தான் நமது மார்க்கம் என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பதவியைக் கேட்டு வந்த இருவரிடம், கேட்பவருக்கு நாம் பொறுப்புக் கொடுப்பதில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஹதீஸ் உண்டு. அபூதர் (ரழி) போன்ற உத்தமர் கேட்டபோதுகூட, அது ஓர் அமானிதம், மறுமையில் கைசேதமாகிவிடக் கூடியது என்று அன்போடு தடுத்தார்கள். இதைக் கேட்டதும், வேட்புமனு என்பதே கூடாத காரியம் என்று சில நண்பர்கள் வாதிடுவதுண்டு. ஆனால் நபி யூசுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னனிடம் களஞ்சியப் பொறுப்பைத் தாமாகவே கேட்டுப் பெற்றதை அல்குர்ஆன் சொல்கிறது. பஞ்சம் வரப்போகிறது, தமக்கு அந்த அறிவு இருக்கிறது, மக்கள் பட்டினியில் சாகக் கூடாது என்பதற்காகக் கேட்டார்கள். ஆக, கேட்பதா கேட்காமலிருப்பதா என்பதல்ல விஷயம். யாருடைய பசிக்காகக் கேட்கிறோம் என்பதே விஷயம்.

பட்டியல் எழுதுவது பற்றியும் நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது அடுத்த கலீபாவைத் தெரிய ஆறு பேர் கொண்ட சபையொன்றை நியமித்தார்கள். அலீ, உஸ்மான், ஸுபைர், தல்ஹா, ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழியல்லாஹு அன்ஹும்) ஆகியோரே அவர்கள். தமது மகன் அப்துல்லாஹ்வை ஆலோசனையில் இருக்க அனுமதித்தார்கள். ஆனால் அவருக்குப் பதவியில் பங்கில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். அப்துல்லாஹ் தகுதியற்றவர் அல்லர். கல்வியிலும் பேணுதலிலும் பெயர்பெற்றவர். இருந்தும் பட்டியல் எழுதும் கையிலிருந்து பட்டியலுக்குள் வழி போகக் கூடாது என்று உமர் (ரழி) கருதினார்கள் போலும்.

இரண்டாவது காரியம் இன்னும் சிந்திக்கத்தக்கது. அந்த அறுவரில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) தமது பெயரைத் தாமே விலக்கிக்கொண்டு, தெரிவை நடத்தும் பொறுப்பை ஏற்றார்கள். பிறகு மதீனாவில் இரவு பகலாக மக்களிடம் கருத்துக் கேட்டுத் திரிந்தார்கள். திரைக்குப் பின்னிருந்த பெண்களையும், ஓதும் பள்ளிகளில் இருந்த சிறுவர்களையும்கூட அவர்கள் கேட்டதாக இப்னு கஸீர் தமது வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். ஓதும் பிள்ளைகளிடம் ஆட்சியாளரைப் பற்றிக் கேட்ட மனிதர்! நானோ ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு அவளுடைய வகுப்புத் தலைமையைப் பற்றியே பேச இடம் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நாம் பெருமையடித்துக்கொள்ளவும் முடியாது. அந்த முன்மாதிரி நீண்ட காலம் நிலைக்கவில்லை. யஸீதின் நியமனத்தோடு தகப்பனுக்குப் பின் மகன் என்ற வழக்கம் முஸ்லிம் உலகத்திலும் வேரூன்றிவிட்டது. நம் நாட்டு முஸ்லிம் அரசியலும் விலக்கல்ல. ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை எட்டிலொரு பங்கிலிருந்து ஐந்து வீதமாகக் குறைக்க வைத்து, சிறு கட்சிகளுக்கு வழி திறந்தவர் எம். எச். எம். அஷ்ரஃப். 2000 செப்டெம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்ததும், அடுத்து யார் என்ற பிரச்சினையில் கட்சி பிளவுபட்டது. தலைவரைத் தெரியும் ஒழுங்கைத் தலைவர் உயிரோடிருக்கும்போதே மக்களுக்குப் பழக்கிவைக்காத கட்சிகளுக்கெல்லாம் நேர்வது இதுதான். அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் தேசியப்பட்டியல் ஆசனம் எந்த ஊருக்கு என்ற வாக்குறுதியில் ஊர்களே ஒன்றோடொன்று மனம் கசந்ததையும் பார்த்தோம்.

கட்சிகளைக் குறை சொல்லிவிட்டு இங்கே முடித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னொரு பட்டியலையும் எனக்கு ஞாபகப்படுத்திவிட்டது.

எங்கள் பஜார் பள்ளிவாசலில் நிர்வாக சபைத் தெரிவு ஜும்ஆவுக்குப் பின் நடக்கும். உண்மையில் அது தெரிவல்ல, வாசிப்பு. பெயர்கள் வாசிக்கப்படும், "எல்லாரும் சம்மதந்தானே?" என்று கேட்கப்படும், கடைக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் சம்மதிப்பார்கள். எழுத்து அழகாயிருக்கும் என்று அந்தப் பட்டியலை எழுதும் வேலை என்னிடம் தரப்படுவது வழக்கம். சென்ற தடவை தெரிவுக்கு முந்திய நாள், மூன்று நான்கு பேர் என்னிடம் வந்து டைலர் நாநாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். பல வருடங்களாக ஸகாத் அரிசிக் கணக்கை ஒரு படி பிசகாமல் எழுதி வருபவர் அவர். யாருடைய வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். நானும் மனமகிழ்ச்சியோடு எழுதினேன்.

அன்றிரவு ஒரு ஹாஜியார் அழைப்பெடுத்தார். "நல்ல மனிசன்தான் மாஸ்டர், நான் இல்லண்டு சொல்லல்ல. ஆனா நாளைக்கு ஏஜீஏ கந்தோருக்கோ பொலிசுக்கோ போய்க் கதைக்க ஏலுமா அவருக்கு? யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பட்டியலைப் புதுத் தாளில் திரும்ப எழுதினேன். மறுநாள் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது டைலர் நாநா மூன்றாவது ஸஃப்பில் இருந்தார். அவருக்குத் தம் பெயர் பேசப்பட்டது தெரியும். "சம்மதந்தானே?" என்று கேட்டதும், எல்லாரையும் போல அவரும் தலையசைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் பிந்திப் போனபோது நகர்ந்து தம் பக்கத்தில் இடம் கொடுத்தார். அந்த இடத்தில் நின்று தொழுதது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

கொழும்பிலே ஒரு மண்டபத்தில் நடப்பதற்கும் என் மேசையில் நடந்ததற்கும் அளவில் வித்தியாசமுண்டு, வகையில் வித்தியாசமில்லை. அங்கே பட்டியல் எழுதுபவரும் தம்மைக் கெட்டவரென்று எண்ணுவதில்லை. வெல்லக்கூடியவர், கதைக்கத் தெரிந்தவர், தொல்லை தராதவர் என்று அவருக்கும் காரணங்கள் இருக்கின்றன. எல்லாக் காரணங்களும் ஏறத்தாழ நியாயமாகவே தோன்றும். ஆனால் அவை வாக்களிப்பவரின் முன் வைக்கப்படுவதில்லை. வைக்கப்பட்டிருந்தால் ஊரார் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்திருப்பார்கள். டைலர் நாநாவுக்குக் கந்தோரில் பேச வராது என்று ஹாஜியார் சபையில் எழுந்து சொல்லியிருந்தால், "பேசுவதற்கு மாஸ்டர் கூடப் போகட்டும், கணக்கு நாநா பார்க்கட்டும்" என்று யாராவது சொல்லியிருக்கக் கூடும். அந்தச் சந்தர்ப்பத்தை நான் இல்லாமல் செய்துவிட்டேன். ஒருவரை மறைவில் ஒதுக்குவது அவருக்கு மட்டும் செய்யும் அநீதியல்ல, யோசித்திருக்கக் கூடிய மற்ற எல்லாருக்கும் செய்யும் அநீதி.

ஆகவே வேட்பாளர் தெரிவில் நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமல்ல, மூன்று சிறு காரியங்களே. பட்டியல் எழுதுபவரின் பெயரோ அவர் பிள்ளையின் பெயரோ அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒரு பெயர் சேர்க்கப்பட்டதற்கும் விடப்பட்டதற்கும் காரணம் எல்லாருக்கும் கேட்கச் சொல்லப்பட வேண்டும். சந்தா கொடுப்பவர், தொழ வருபவர், வாக்களிப்பவர் யாரோ அவரிடம் பெயர்களை முடிவு செய்யும் முன் கேட்க வேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் தொடங்கலாம். ஒரு பள்ளிவாசலில், ஒரு வகுப்பறையில் தொடங்கலாம். சிறிய இடங்களில் கேட்டுப் பழகாத மக்கள் பெரிய இடத்தில் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வருடத் தேர்தலில் நான் சிவப்புப் பேனையைத் தொடவில்லை. மனுக் கொடுத்த அனைவருடைய பெயரும் தகவற்பலகையில் ஏறின. ஒவ்வொருவரும் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசினார்கள். அந்தப் பிள்ளையும் பேசினாள். மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராததைப் பற்றி அவள் பேசியது அதிபருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் வென்றது அவளல்ல. பஜார்க் கடைக்காரர் ஒருவரின் மகன் வென்றான். வாக்களிப்புக்கு முதல்நாள் அவன் பை நிறைய டொபி கொண்டுவந்து பகிர்ந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன். ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே, "பரவால்ல சேர், எனக்கு நாப்பத்தொரு வோட்டு" என்றாள். நாற்பத்தொரு பேர் டொபியைத் தின்றுவிட்டு அவளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற கணக்கை அவள் எனக்கு முன்பே போட்டு வைத்திருந்தாள்.

பள்ளிவாசல் நிர்வாக சபையின் காலம் இவ்வருட ஹஜ்ஜுப் பெருநாளோடு முடிகிறது. பட்டியல் எழுத என்னிடம்தான் தாளைத் தருவார்கள். இம்முறை என்னிடம் சொல்லப்படும் எல்லாப் பெயர்களையும் எழுதி, எழுந்து நின்று நானே வாசிக்கப் போகிறேன். சென்ற தடவை ஒரு பெயரை விட்டவன் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது மூன்றாவது ஸஃப்பைப் பார்த்துச் சொல்லும் துணிவை அல்லாஹ் தர வேண்டும்.